வெள்ளைக் கத்தியும் கருமணலும்

போன தைப் பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, பாட்டிக்கென்று ஒரு கத்தி வாங்கி வந்திருந்தாள். அட்டைப் பெட்டியைப் பிரித்தால் பிடி பச்சையாகவும் அலகு வெள்ளை வெளேரென்றும் இருந்தது. என் மனைவி அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி கண்ணு, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டாள்.

"இல்ல பாட்டி, செராமிக். பீங்கான் கத்தி. துருவே பிடிக்காது. ரொம்ப நாளைக்குக் கூர் போகாது."

நான் எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்துவந்து பேத்தியின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விழித்தாள். காரைக்காலில் எனக்குப் பிரெஞ்சு வழியில் பாடம் சொன்ன ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. பிரெஞ்சுக்காரர்கள் கத்தியைச் சும்மா வாங்க மாட்டார்கள். சும்மா வந்த கத்தி உறவை அறுத்துவிடும் என்பார்கள். ஒரு காசு கொடுத்துவிட்டால் அது விலைக்கு வாங்கிய பொருள் ஆகிவிடும். நம்மவர்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்களே, அந்த மாதிரிதான். "தாத்தா, இதோட விலை உங்க ஒரு ரூபாய்க்கு ரொம்ப மேல" என்றாள் பேத்தி. மீதியைக் கடனாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. ஐம்பது வருடம் என் மனைவி அரிவாள்மனையில் உட்கார்ந்தே காய் நறுக்கினவள். மூன்று வருடமாக முழங்கால் மடங்குவதில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். நின்றுகொண்டு நறுக்கலாம் என்றால் கடையில் வாங்கிய இரும்புக் கத்தி கனமாக இருந்தது, விரல் மூட்டுகளில் வலி. ரெட்டியார்சத்திரத்தில் இருந்துகொண்டு காய் நறுக்க முடியவில்லை என்றால் எப்படி? சுற்றிலும் தோட்டம், பக்கத்திலேயே ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை. யாராவது வாசலில் ஒரு பை அவரைக்காயோ கத்தரிக்காயோ வைத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுக்கு வலியைவிடக் கஷ்டம்.

வெள்ளைக் கத்தி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எடை பாதிதான் இருக்கும். தக்காளியைத் தோல் நசுங்காமல் அறுத்தது. வாழைப்பூ நறுக்கிய அன்றுதான் அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூவோ வாழைக்காயோ அரிந்தால் அலகும் விரலும் கறுத்துப்போகும். இதில் அந்தக் கறுப்பு இல்லை. எனக்கு உடனே ஞாபகம் வந்தது பழைய காலத்து மசி. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் கூடினால் கறுப்பு. வாழைப்பூவிலும் அதே துவர்ப்பு, அரிவாள்மனையிலும் அதே இரும்பு. நம் பாட்டிமார் காய் நறுக்கும்போதெல்லாம் கொஞ்சம் மசி தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். வெள்ளைக் கத்தியில் இரும்பு கிடையாது, ஆகவே மசியும் கிடையாது. வெட்டிய காய் காற்றுப் பட்டுத் தானாகக் கொஞ்சம் பழுப்பேறுவதை எந்தக் கத்தியும் தடுக்காது. மோர் கலந்த தண்ணீரில் போடும் வேலை மிச்சமாகவில்லை.

இப்படி மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. அதைக் கெடுத்தவன் நான். ஒரு நாள் பாயசத்துக்கு வெல்லம் வேண்டியிருந்தது. நெய்க்காரப்பட்டி உருண்டை வெல்லம், நன்றாக இறுகியது. அம்மிக்குழவி எடுக்கச் சோம்பல்பட்டு, கையில் கிடைத்த வெள்ளைக் கத்தியின் முனையை வெல்லத்தில் குத்தி ஒரு திருகு திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கத்தி முனை கால் அங்குலம் வெல்லத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வெல்லத்தை முழுசாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, துண்டை எடுத்து என் மேசைமேல் ஒரு காகிதத்தில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் சாணை பிடிக்கிறவர் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துக் கல்லைச் சுற்றுகிற ஆள். எங்கள் அரிவாள்மனைக்குப் பல வருடமாக அவர்தான் சாணை. முனை போன கத்தியை அவரிடம் நீட்டி, கொஞ்சம் தேய்த்து மறுபடி முனை வைக்க முடியுமா என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தார். நகத்தால் தட்டினார். காதருகே வைத்து மறுபடி தட்டினார்.

"ஐயா, இது இரும்பா எலும்பா?"

"பீங்கான்ங்கிறாங்க."

கல்லைச் சுற்றி ஒரு நொடி வைத்துப் பார்த்தார். பொறி பறக்கவில்லை. கத்தியைத் திருப்பித் தந்துவிட்டார். "இது என் கல்லுக்கு அடங்காதுங்க. வெச்சா பல்லுப் பல்லாப் போயிரும். காசு வேணாம்." போகும்போது, "எல்லாரும் இதை வாங்கிட்டா நாங்க என்னங்க பண்றது" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருடைய கேள்வியும் காகிதத்தில் இருந்த வெள்ளைத் துண்டும் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தன. படித்ததில் ஒரு சொல் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: சிர்கான்.

சிர்கான் என்ற சொல்லை நான் ஆயிரம் தடவையாவது என் கையால் எழுதியிருப்பேன். கனிமவளப் பிரிவில் எழுத்தராக இருந்த காலத்தில், தெற்கே ஒரு கடலோர அலுவலகத்தில் சில வருடம் இருந்தேன். அங்கே அன்றாடம் வருகிற கோப்புகளில் ஐந்து பெயர்கள் மந்திரம் மாதிரி வரிசையாக வரும்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட். இத்தனை டன், இத்தனை ரூபாய். சிர்கான் எதற்குப் பயன்படுகிறது என்று நான் ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. கோப்பு நகர்ந்தால் போதும். இப்போது எழுபது வயதுக்கு மேல், முனை உடைந்த கத்தி வந்து அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறது.

பீங்கான் கத்தி என்று நாம் சொன்னாலும் இது ஊறுகாய் ஜாடி செய்கிற பீங்கான் அல்ல. ஜாடி களிமண்ணில் ஆனது. கத்தி சிர்கோனியா என்ற பொருளில் ஆனது. சிர்கான் என்னும் கல்லிலிருந்து பிரித்தெடுக்கிற வெள்ளைத் தூள் அது. அந்தக் கல்லைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டது நமக்கு அடுத்த வீட்டிலிருந்து, இலங்கையிலிருந்து.

இலங்கையின் தென்கோடியில் மாத்தறை என்ற ஊர். அந்தப் பக்கத்து ஆற்றுச் சரளையில் கிடைத்த நிறமற்ற சிர்கான் கற்களைப் பட்டை தீட்டி 'மாத்தறை வைரம்' என்றே விற்றார்கள். வைரத்துக்குக் குறைந்த விலை, ஆனால் நல்ல ஜொலிப்பு. பிரெஞ்சில் இந்தக் கல்லுக்கு 'ஜார்கோன்' என்று பெயர். புரியாத பேச்சுக்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் எங்கள் கையெழுத்தைப் பார்த்து ஆசிரியர் 'ஜார்கோன்' என்று எறிவாரே தவிர, அது இலங்கைக் கல்லின் பெயரும்கூட என்று சொன்னதில்லை.

1789. பாரிசில் பஸ்தீய் சிறை இடிபட்ட அதே வருடம். பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற மருந்துக்கடைக்காரர், பிற்காலத்தில் பெரிய வேதியியல் பேராசிரியர் ஆனவர், இலங்கையிலிருந்து வந்த ஒரு ஜார்கோனைப் பொடித்துக் காரத்தோடு சேர்த்து உருக்கிப் பிரித்துப் பார்த்தார். அதுவரை தெரிந்த எந்த மண்ணோடும் சேராத ஒரு வெள்ளை மண் கிடைத்தது. அதற்குச் சிர்கான் மண் என்று பெயர் வைத்தார். அதே வருடம்தான் அவர் யுரேனியத்தையும் கண்டார். சில ஆண்டுகளுக்குள் கிதோன் தெ மொர்வோ என்ற பிரெஞ்சுக்காரர், பிரான்சில் கிடைக்கும் செந்நிறக் கல்லிலும் அதே மண் இருப்பதைக் காட்டினார். பொருள்களுக்கெல்லாம் ஒழுங்கான பெயர் வைக்க வேண்டும் என்று லவுவாசியேவோடு உட்கார்ந்து பெயர்ப்பட்டியல் போட்டவர் அவர். ஆக, இன்று என் மனைவி வெண்டைக்காய் நறுக்குகிற பொருளை மனிதன் முதன்முதல் தனியாகப் பிரித்துப் பார்த்தது பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்துக் கல்லிலிருந்து.

அப்புறம் நூறு வருடம் அதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. 1824-இல் ஸ்வீடனில் பெர்சீலியஸ் அதிலிருந்து உலோகத்தை ஒருவாறு பிரித்தார். 1897 வாக்கில் ஜெர்மனியில் வால்டர் நெர்ன்ஸ்ட், சிர்கோனியாவோடு இட்ரியா என்ற இன்னொரு மண்ணைக் கலந்து ஒரு சிறு கோல் செய்து, அதில் மின்சாரம் பாய்ச்சி விளக்காக எரியவிட்டார். இந்த ஜோடியை, சிர்கோனியாவையும் இட்ரியாவையும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கத்திக் கதையில் மறுபடி வரும்.

விளக்கு என்றதும் நம் வயதுக்காரர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் ஞாபகம் வராமல் இருக்காது. கல்யாண வீட்டில், திருவிழாவில், தலைமேல் வைத்துத் தூக்கி வருவார்களே, அந்த விளக்கினுள் வெள்ளைப் பை மாதிரி ஒரு மேன்டில் தொங்கும். தொட்டால் பொடியாக உதிர்ந்துவிடும். அதன் வெள்ளை ஒளிக்குக் காரணம் தோரியம். தோரியத்துக்கு மூலப்பொருள் மோனசைட் மணல். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் தெருவிளக்கெல்லாம் மேன்டில் விளக்கு. மோனசைட்டோ பிரேசிலிலிருந்து வர வேண்டும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியல்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தபோது அதில் மோனசைட் மின்னியது. கயிறு எந்தக் கரையில் திரித்தது என்று தேடிக்கொண்டு வந்தார். வந்து நின்ற இடம் குளச்சலுக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சி. ஓரிரு ஆண்டுகளில் அங்கே மணல் பிரிக்கும் வேலை தொடங்கிவிட்டது. 1914-இல் போர் வந்ததும் அந்த வேலை ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அப்போது அவர்களுக்கு வேண்டியது மோனசைட் மட்டும். அதே மணலில் இருந்த கறுப்பு இல்மனைட்டுக்கு 1920-களில் வெள்ளைப் பெயின்ட் செய்ய ஆரம்பித்த பிறகுதான் மவுசு. நம் சிர்கான் வெகுநாள் கடைசிப் பிள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தபோது அந்த மணலும் சேர்ந்து வந்தது. 1950-இல் தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறகு அங்கே பொறுப்பேற்றது. இன்றும் அந்த ஆலை இருக்கிறது.

அந்த ஆலையை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எண்பதுகளில், எங்கள் அதிகாரி போனபோது கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒரே மணலை ஐந்தாகப் பிரித்துக் குவித்திருந்தார்கள். கரி மாதிரி ஒரு குவியல், செங்கல் தூள் மாதிரி ஒன்று, தேன் நிறத்தில் ஒன்று. சர்க்கரை மாதிரி வெளுப்பாக இருந்ததை அங்கிருந்த ஒருவர் ஒரு பிடி அள்ளி என் கையில் போட்டார். மணல் இவ்வளவு கனக்குமா என்று இருந்தது. சாதாரண மணல் தண்ணீரைப்போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் கனம். சிர்கான் நாலரை மடங்குக்கும் மேல். அந்தக் கனத்தால்தான் அலை சாதாரண மணலை இழுத்துக்கொண்டு போகும்போது இது கரையில் தங்கிவிடுகிறது. மலைப் பாறைகள் கரைந்து, வள்ளியாறு போன்ற சிற்றாறுகளில் வந்து, கடலில் விழுந்து, அலையால் புடைக்கப்பட்டுக் கரையில் படிகிறது. நம் வீட்டில் முறத்தில் அரிசி புடைப்பது போலத்தான்.

ஆலையில் அதையே இயந்திரத்தால் செய்கிறார்கள். காந்தத்துக்கு இல்மனைட் போய்விடும். மின்சாரம் பாயும் உருளையில் ஓடவிட்டால் மின்சாரம் கடத்துகிற ரூட்டைல் ஒரு பக்கம் தெறிக்கும். காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் அசையாமல் கடைசியில் நிற்பது சிர்கான். அதற்கு அழிவும் சுலபத்தில் இல்லை. பூமியிலேயே உருவான துணுக்குகளில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழமையானவை மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த சிர்கான் மணிகள். வயது சுமார் 440 கோடி வருடம்.

என் கத்தியில் இருப்பது மணவாளக்குறிச்சி மணல் என்று நான் சொல்லவில்லை. உலகச் சந்தையில் சிர்கானில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தருவது. அதிலும் கத்திக்குப் போவது கொசுறு. தரையில் பதிக்கிற டைல்ஸ், கழிவறைப் பீங்கான் இவற்றின் வெள்ளைப் பூச்சுக்குத்தான் மிகுதியும் போகிறது. உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரிலும் சிர்கான் இருக்கக்கூடும். நம் நாட்டில் இன்னொரு பெரிய வேலையும் அதற்கு உண்டு. அணுமின் நிலையங்களில் எரிபொருளை அடைக்கிற குழாய் சிர்கோனிய உலோகத்தில் ஆனது. அதற்காகத் தூத்துக்குடிப் பக்கம் பழையகாயலில் 2009-இல் ஓர் ஆலை வந்தது.

சரி, இந்த மணல் கத்தியானது எப்படி? அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை இருந்தது. சிர்கோனியாவுக்கு ஒரு கெட்ட குணம். 1,170 டிகிரி சூட்டுக்கு மேல் அதன் உள்ளடுக்கு ஒருவிதம், ஆறிக் கீழே இறங்கும்போது வேறுவிதம். அடுக்கு மாறுகையில் உடம்பு நூற்றுக்கு நாலைந்து பங்கு பெருத்துவிடும். சூளையில் அழகாக வெந்த பொருள், ஆறும்போது தானாகவே வெடித்துச் சிதறும். சுண்ணாம்போ இட்ரியாவோ கலந்தால் இந்தப் பெருக்கத்தை அடக்கலாம் என்பது தெரிந்திருந்தது. ஆனால் முழுக்க அடக்கிவிட்டால் அதுவும் மற்றப் பீங்கான் மாதிரி, தட்டினால் உடைகிற சாதிதான்.

1975-இல் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ என்ற மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பீங்கான் எஃகா?' கேள்விக்குறியோடு. அவர்கள் செய்தது, அந்தக் கெட்ட குணத்தை முழுக்க அடக்காமல் பாதி அடக்கி வைத்தது. உள்ளே சில மணிகள் மாறத் துடித்துக்கொண்டு, இடமில்லாமல் இறுகிக் கிடக்கும். பொருளில் எங்காவது ஒரு கீறல் ஓட ஆரம்பித்தால், அந்தக் கீறல் முனையில் இறுக்கம் தளரும். உடனே அங்குள்ள மணிகள் அடுக்கு மாறிப் பெருக்கும். பெருத்துக் கீறலை இரண்டு பக்கமும் நெருக்கி மூடிவிடும். மண்வெட்டிப் பிடி ஆடினால் நாம் தண்ணீரில் ஊறப்போடுவோம், மரம் பெருத்துப் பிடி இறுகிவிடும், அந்த மாதிரி. எது வெடிக்க வைத்ததோ அதையே வெடிப்பை மூடும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள்.

பிறகு சிர்கோனியாவோடு சுண்ணாம்புக்குப் பதில் நெர்ன்ஸ்ட் விளக்கின் பழைய கூட்டாளி இட்ரியாவைக் கொஞ்சமாகச் சேர்த்ததில் இன்னும் நல்ல சரக்குக் கிடைத்தது. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் கசுவோ இனமோரி என்பவர் 27 வயதில், 1959-இல் தொடங்கிய கம்பெனி கியோசெரா. கியோட்டோ செராமிக் என்பதன் சுருக்கம். முதலில் அவர்கள் செய்தது தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய்க்கு வேண்டிய சிறு பீங்கான் துண்டுகள். சமையலறைக்கான பீங்கான் கத்தியை 1984-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். மாவு மாதிரி அரைத்த சிர்கோனியாவை அச்சில் அழுத்தி, 1,400 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். சூளையிலிருந்து வெளியே வரும்போது அப்பளம் மாதிரி ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். பிறகு வைரத்தூள் பதித்த சக்கரத்தில் கூர் வைப்பார்கள். எஃகு, கடினத்தில் பத்துக்கு ஆறு என்றால் இது எட்டுக்கும் மேல். வைரம் பத்து. நம் சாணைக்காரர் கல்லுக்கு அடங்காதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பற்றாக்குறைக்கு, அவர் சொன்ன 'பல்லுப் பல்லாப் போயிரும்' என்பது அப்படியே சரி. முரட்டுக் கல்லில் வைத்தால் கூர் தேயாது, விளிம்பு சிறு சிறு சில்லாகத் தெறிக்கும். அவர் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார், நான் ஒரு மாதம் படித்தேன்.

இந்தக் கத்தியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் இதே சரித்திரத்துக்குள் இருக்கிறது. அந்த மணிகள் சிறு கீறலைத்தான் மூடும். நேராக அழுத்தி நறுக்குகிற வேலையைத் தாங்கும். வளைத்தால், திருகினால், நெம்பினால் தாங்காது. இரும்பு வளைந்து கொடுக்கும், இதற்கு வளையத் தெரியாது. ஆகவே வெல்லம், தேங்காய், எலும்பு, பலாக்கொட்டை, குளிர்பெட்டியில் உறைந்துபோன இறைச்சி எதற்கும் இதை எடுக்கக் கூடாது. பூண்டை அலகின் பட்டையால் நசுக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு, அதை விட வேண்டும். மரப்பலகையில் நறுக்கலாம், பிளாஸ்டிக் பலகையிலும் நறுக்கலாம். கிரானைட் மேடைமேல் நேராக வைத்து அரியவே கூடாது. கழுவித் துடைத்து உறையில் போட்டுத் தனியாக வைக்க வேண்டும். கரண்டிகளோடு ஒரே டப்பாவில் போட்டால் உரசி உரசி விளிம்பு போகும். தரையில் விழுந்தால் அதிர்ஷ்டம்தான். அலகில் கறுப்பாகக் கோடு விழுந்தால் கத்தி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தில் உரசியபோது பாத்திரம் தேய்ந்து கத்தியில் ஒட்டிய கறை அது. மஞ்சள் கறைக்குத் தண்ணீர் கலந்த பிளீச்சிங்கில் கொஞ்ச நேரம் போட்டுக் கழுவினால் போதும். கூர் மங்கினால் வைரத்தூள் பூசிய தேய்ப்பான் ஒன்றுதான் வழி. அதுவும் மெதுவாக. குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஒரு எச்சரிக்கை: பார்க்கப் பொம்மை மாதிரி இருப்பதால் பயம் வராது. வெட்டு மட்டும் ஆழமாக விழும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிர்கான் என்ற சொல் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தது கத்தியை மட்டும் அல்ல.

அந்தக் கடலோர அலுவலகத்தில் இருந்தபோது, அவ்வப்போது மனுக்கள் வரும். சில நீலக் கோடு போட்ட நோட்டுக் காகிதத்தில், சில சைக்கிள் கடை பில்லின் பின்பக்கத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். 'எங்கள் கரையில் ராத்திரியில் மணல் அள்ளுகிறார்கள், கடல் வீட்டுப் பக்கம் வருகிறது, வலை காயப்போட இடமில்லை' என்று இருக்கும். கீழே பத்துப் பதினைந்து கைநாட்டு. நான் அவற்றை நூலில் கோத்து, விவரம் கேட்டுக் கீழ் அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதி, பதில் வந்ததும் வராததுமாக 'எல்.டிஸ்.' போட்டு முடித்திருக்கிறேன். வேலை பார்த்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். ஓர் ஆண்டு வைத்திருந்து அழித்துவிடலாம். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நிலுவைப் பட்டியலில் எண்ணிக்கை குறைய வேண்டும், அவ்வளவுதான். அந்த மணலில் என்ன இருக்கிறது, அள்ளினால் கரை என்ன ஆகும் என்று ஒரு எழுத்தர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்று அன்று நினைத்தேன். மணலோ அலை வருடக்கணக்கில் புடைத்துச் சேர்த்தது. லாரி ஒரே இரவில் அள்ளுவது.

2013-இல் தமிழக அரசு கடற்கரைத் தாது மணல் அள்ளுவதை நிறுத்தி விசாரணைக்கு உத்தரவிட்ட செய்தியைப் பேப்பரில் படித்தபோது நான் ஓய்வுபெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தேன். மனைவி என்ன செய்தி என்று கேட்டாள். பழைய ஆபீஸ் விஷயம் என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன். அந்த நீலக் கோட்டுக் காகிதங்களை அவளிடம் சொன்னது இப்போதுதான், இந்தக் கத்தி உடைந்த பிறகு. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அந்த மனுவில ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?" ஒன்று இருந்தது. ஒரு பெண் கையெழுத்து, பெயருக்குக் கீழே 'எனக்கு எழுதத் தெரியும், அதனால் நான் எழுதுகிறேன்' என்று ஒரு வரி. அதற்கும் எல்.டிஸ்.தான்.

முனை போன கத்தியை அவள் தூக்கிப் போடவில்லை. முனையில்லாமல் பீன்ஸ் நறுக்கத் தடையில்லை என்கிறாள். உடைந்த துண்டு என் மேசை டிராயரில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. சாணை பிடிக்கிறவர் போன மாதம் வந்தபோது அரிவாள்மனையையும் இரண்டு அரிவாளையும் கொடுத்தோம். வெள்ளைக் கத்தி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அது எந்த மணலில் ஆனது என்று சொன்னேன். அவருடைய மைத்துனர் குளச்சலில் மீன் ஏலக்கடையில் இருக்கிறாராம். "அந்தக் கறுப்பு மண்ணா? கால்ல ஒட்டுச்சுன்னா லேசுல போகாதுங்களே" என்று சொல்லிவிட்டு, பெடலை மிதிக்க ஆரம்பித்தார்.